கடிதங்கள் போன வழியில்

அக்டோபர் மாதத்து முதல் வாரத்தில், ரிச்மண்ட் நகரத்தில் என் தமக்கை மகன் வீட்டு ஜன்னலோரத்தில் அமர்ந்து, வர்ஜீனியா சரித்திரச் சங்கத்தார் 1882ஆம் ஆண்டிலும் 1885ஆம் ஆண்டிலுமாக அச்சிட்டு வெளியிட்ட இரண்டு கனத்த புத்தகங்களைப் படித்து முடித்தபோது, அவற்றில் பேசப்படும் இடங்களை ஒருமுறையேனும் நேரில் கண்டுவிட வேண்டும் என்ற ஆவல் என்னைப் பற்றிக்கொண்டது. வர்ஜீனியா பிரிட்டிஷ் மன்னருடைய குடியேற்ற நாடாக இருந்த காலத்தில், 1710 முதல் 1722 வரை அங்கே துணை கவர்னராக ஆட்சி புரிந்த அலெக்ஸாண்டர் ஸ்பாட்ஸ்வுட் என்பவர், லண்டனில் இருந்த வர்த்தக சபைப் பிரபுக்களுக்கும் மந்திரிகளுக்கும் லண்டன் பிஷப்புக்கும் எழுதிய உத்தியோகக் கடிதங்களின் தொகுப்பு அது. புகையிலை, இரும்பு, நிலவரி என்று எத்தனையோ விஷயங்கள் அவற்றில் வந்து போனாலும், மூன்று கவலைகள் மட்டும் ஏட்டுக்கு ஏடு திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன: கடலில் கொள்ளையர், சபையில் பகைவர், எல்லைப்புறத்தில் பூர்வகுடிகள். "அந்த இடங்கள் எல்லாம் ஒரே திசையில் இல்லையே மாமா. ஆனாலும் ஒரு வட்டமாகச் சுற்றி வந்துவிடலாம்" என்று சொல்லி மருமான் விடுப்பு எடுத்துக்கொண்டான். அவனுடைய ஆறு வயதுப் பெண்ணும் எங்களோடு காரில் ஏறிக்கொண்டாள்.

ஸ்பாட்ஸ்வுட் பிறந்தது இங்கிலாந்தில் அன்று; ஆப்பிரிக்காவின் வடமேற்கு முனையிலே, அந்நாளில் ஆங்கிலேயர் வசமிருந்த டாஞ்சியர்க் கோட்டையில், ராணுவ வைத்தியர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். சிறு வயதிலேயே படையில் சேர்ந்து, 1704இல் நடந்த பிளென்ஹைம் யுத்தத்தில் காயமுற்று, பிறகு இந்தத் தூரதேசத்து அதிகாரத்தைப் பெற்றார். கவர்னர் என்ற பட்டத்தையும் அதன் ஊதியத்தில் ஒரு பங்கையும் வைத்துக்கொண்டிருந்த ஆர்க்னி பிரபு ஒரு நாளும் வர்ஜீனியாவில் காலடி வைத்தவர் அல்லர். ஆதலால் பட்டம் துணை கவர்னர் என்றிருந்தபோதிலும், அந்த நாட்டின் பாரம் முழுவதும் ஸ்பாட்ஸ்வுட்டின் தோளிலேதான் இருந்தது. அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து ஒரு கடிதம் போய்ச் சேர இரண்டு மாதம் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். அதற்கு மறுமொழி வர மேலும் அத்தனை காலம் வேண்டும். அப்படிப்பட்ட நிலையில் உத்தரவை எதிர்பார்த்து ஆட்சி செய்ய ஒருவராலும் இயலாது. முதலில் காரியத்தைச் செய்து முடித்துவிட்டு, பிறகு அது ஏன் தவிர்க்க முடியாததாயிற்று என்று எழுதுவதே வழக்கமாகிவிடுகிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் புனித ஜார்ஜ் கோட்டைக் கடிதங்களைப் புரட்டிய நாட்களிலேயே எனக்கு இந்த மொழி பழக்கமாகியிருந்தது. அங்கே கம்பெனியின் டைரக்டர்கள், இங்கே வர்த்தக சபைப் பிரபுக்கள் என்பதுதான் வித்தியாசம். உடனே ஒப்புதல் தரவோ மறுக்கவோ முடியாத ஒரு தொலைவான வாசகரை நோக்கி எழுதப்பட்டவை இரண்டும். ஆகவே அவற்றை எழுதியவர் சொல்வதை மாத்திரம் படித்தால் போதாது. அவர் யாரைப் பற்றி எழுதினாரோ அவர்கள் இருந்த இடத்தில் நின்றும் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

வில்லியம்ஸ்பர்க் நகரத்தை முற்பகலில் அடைந்தோம். 1926ஆம் ஆண்டு முதல் ஜான் ராக்பெல்லரின் புதல்வர் வழங்கிய பெரும் பொருளைக் கொண்டு, குட்வின் என்ற பாதிரியாரின் தூண்டுதலால், பதினெட்டாம் நூற்றாண்டு நகரமாகவே திருப்பிக் கட்டப்பட்ட ஊர் அது. அங்கே பார்த்த இடமெல்லாம் ஸ்பாட்ஸ்வுட்டின் கைவண்ணம் தெரிகிறது. எண்கோண வடிவில் செங்கல்லால் எழுந்து நிற்கும் ஆயுதசாலை 1715இல் அவர் கட்டுவித்தது. புரூட்டன் தேவாலயத்தின் அமைப்பை வகுத்தவரும் அவரே. கவர்னர் மாளிகையின் கட்டுமானம் 1706இல் தொடங்கியது என்றாலும், அதற்குத் தோட்டமும் குளமும் அலங்காரமும் சேர்த்துப் பிரமாதப்படுத்தியவர் அவர்தாம். அசல் மாளிகை 1781 டிசம்பரில், யார்க்டவுன் யுத்தத்தில் காயமடைந்த சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரியாக இருந்தபோது எரிந்து போயிற்று. இன்று நாம் காண்பது பழைய அஸ்திவாரத்தின் மேல் எழுப்பப்பட்டு 1934இல் திறக்கப்பட்ட கட்டடம். வாசலைக் கடந்ததும் உள்ள முன்கூடத்தில், சுவரிலும் விதானத்திலும் துப்பாக்கிகளையும் வாட்களையும் கோலம் போட்டதுபோல வரிசை வரிசையாகவும் வட்டம் வட்டமாகவும் பதித்து வைத்திருக்கிறார்கள். மனு கொடுக்க வந்த குடியானவனும், கப்பம் கொண்டுவந்த பூர்வகுடித் தலைவனும் இந்தக் கூடத்தில்தான் காத்து நின்றிருப்பார்கள். ஒரு சொல்லும் பேசாமலே அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை அந்தச் சுவர்கள் சொல்லியிருக்கும்.

அந்த மாளிகையிலிருந்து புறப்பட்ட கடிதங்களில் உள்நாட்டுப் பகைவர்களைப் பற்றியவையே மிகுந்த மனக்கசப்போடு எழுதப்பட்டவை. புகையிலையைக் கிடங்குகளில் பரிசோதித்து, தரம் பார்த்த பிறகே ஏற்றுமதி செய்யவேண்டும் என்று 1713இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். மறுவருஷம் பூர்வகுடிகளோடு நடக்கும் வியாபாரம் முழுவதையும் ஒரே கம்பெனியின் கையில் ஒப்படைக்க மற்றொரு சட்டம் செய்தார். முதல் சட்டம் சிறு விவசாயிகளுக்குச் சினமூட்டியது. இரண்டாவது சட்டம் பழைய வியாபாரிகளைப் பகைவராக்கியது. 1715ஆம் ஆண்டுத் தேர்தலில் அவருக்கு வேண்டியவர்கள் பெரும்பாலோர் தோற்றுப் போகவே, புதிதாகக் கூடிய பிரதிநிதிகள் சபையை அவர் கடுஞ்சொற்களால் நிந்தித்துக் கலைத்துவிட்டார். வில்லியம் பேர்டு, பிலிப் லட்வெல், கல்லூரித் தலைவரான ஜேம்ஸ் பிளேர் ஆகிய செல்வாக்குள்ள மனிதர்கள் அவருக்கு எதிராகத் திரண்டார்கள்; பேர்டு லண்டனுக்கே போய் அவருக்கு விரோதமாக வாதாடினார். 1717இல் அவ்விரு சட்டங்களையும் மன்னரின் அரசாங்கம் ரத்து செய்தது. அடுத்த ஆண்டு நவம்பர் மாதத்தில் இவரைப் பதவியினின்று நீக்கவேண்டும் என்று பிரதிநிதிகள் சபையினர் மன்னருக்கு விண்ணப்பம் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அதே நவம்பர் மாதத்திலேதான் அவர் கருந்தாடி என்ற கடற்கொள்ளையனைப் பிடிக்க ரகசியமாகக் கப்பல் அனுப்பினார். இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்துப் படிக்காதவருக்கு அந்தக் கடிதங்களின் அவசரம் புலப்படாது. கொள்ளையனை ஒழிக்கும் எண்ணம் உண்மையானதே. ஆனால் எதிரிகளின் புகார்க் கடிதம் லண்டன் சேரும் அதே காலத்தில் ஒரு வெற்றிக் கடிதமும் போய்ச் சேர வேண்டியிருந்தது என்பதும் உண்மையே.

எட்வர்ட் டீச் என்ற அந்தக் கருந்தாடியைப் பற்றி அமெரிக்கப் பிள்ளைகள் எல்லாரும் கதை கேட்டிருக்கிறார்கள். 1717ஆம் ஆண்டு இறுதியில், கரீபியக் கடலில், அடிமைகளை ஏற்றி வந்த ஒரு பிரெஞ்சுக் கப்பலைக் கைப்பற்றி, அதற்கு 'ஆன் ராணியின் பழிவாங்கல்' என்று பெயர் சூட்டினான். 1718 மே மாதத்தில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் வாயிலை ஏறக்குறைய ஒரு வாரம் அடைத்து நின்று, பிடித்து வைத்த மனிதர்களின் உயிருக்கு ஈடாகக் கேட்டது பொன்னையன்று, ஒரு மருந்துப் பெட்டியையே. பிறகு பெரிய கப்பல் மணல்திட்டில் தட்டிப் போக, வட கரோலினா சென்று, அந்த நாட்டுக் கவர்னர் சார்லஸ் ஈடனிடம் சரணடைந்து மன்னிப்புப் பத்திரம் பெற்றுக்கொண்டான். சரணடையும் கொள்ளையருக்கு மன்னிப்பு உண்டு என்று ஜார்ஜ் மன்னர் 1717 செப்டம்பரில் பிரகடனம் செய்திருந்த காலம் அது. அவனுடைய கப்பலில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹாவர்ட் என்பவன் வர்ஜீனியாவுக்கு வந்தபோது, ஸ்பாட்ஸ்வுட் அவனைப் பிடித்து, ஜூரி இல்லாத கடற்படை நீதிமன்றத்தில் நிறுத்தி, மரண தண்டனை விதிக்கச் செய்தார். தூக்குக்குக் குறித்த வேளை நெருங்கியபோது, மன்னிப்பின் காலவரம்பை நீட்டித்த புதிய பிரகடனம் சமுத்திரம் கடந்து வந்து சேர்ந்து அவன் உயிரைக் காத்தது. அவனை அடைத்து வைத்திருந்த பழைய சிறைச்சாலையின் இருண்ட அறையில் சிறிது நேரம் நின்றேன். காகிதம் வந்து சேர்ந்த நேரம் ஒரு மனிதனுக்கு ஆயுளாக அமைந்ததை எண்ணியபோது, கடிதங்களின் கனம் எனக்கு முன்னைக்காட்டிலும் நன்றாக விளங்கியது.

அங்கிருந்து முப்பது மைல் தென்கிழக்கே ஹாம்ப்டன் துறை. அந்நாளில் கிக்கோட்டன் என்று பூர்வகுடிப் பெயரால் வழங்கிய அந்தத் துறையிலிருந்து 1718 நவம்பர் 17ஆம் தேதி, ஒற்றைப் பாய்மரம் கொண்ட இரண்டு சிறு கப்பல்கள் புறப்பட்டன. மணல்திட்டுகள் மலிந்த ஆழமற்ற கடலில் போர்க்கப்பல்கள் செல்ல மாட்டா என்பதால், ஸ்பாட்ஸ்வுட் தம் சொந்தப் பணத்திலே அவற்றை வாடகைக்கு அமர்த்தினார். மன்னரின் கப்பற்படைத் தலைவர்களான ஜார்ஜ் கார்டனும் எல்லிஸ் பிராண்டும் சுமார் 60 பேரைக் கொடுத்தார்கள். பீரங்கி ஒன்றுகூட இல்லாத அந்தக் கப்பல்களுக்கு ராபர்ட் மேனார்ட் என்ற லெப்டினன்ட் தலைமை வகித்தார். பிராண்ட் வேறொரு படையோடு தரை வழியாகவே வட கரோலினாவுக்குள் நடந்தார். அந்த நாடு ஸ்பாட்ஸ்வுட்டின் அதிகாரத்துக்கு உட்பட்டது அன்று. அதற்கு உடையவர்களான பிரபுக்கள் வேறு, கவர்னர் வேறு. இந்த ஏற்பாட்டைத் தம் ஆலோசனைச் சபையினருக்குக்கூடச் சொல்லவில்லை என்றும், கொள்ளையருக்கு அனுதாபம் காட்டுவோர் இங்கே பலர் இருப்பதால் எவரேனும் அவனுக்குத் துப்புக் கொடுத்துவிடக் கூடும் என்று அஞ்சியதாகவும், டிசம்பர் 22ஆம் தேதிக் கடிதத்தில் அவர் பிற்பாடு எழுதினார். டீச்சின் தலைக்கு 100 பவுன், சாதாரணக் கொள்ளையன் ஒருவனுக்கு 10 பவுன் என்று வெகுமதி அறிவித்த பிரகடனம் நவம்பர் 24ஆம் தேதியிட்டது. அன்றைக்கு டீச் இறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. செய்தி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

நாங்கள் கடற்கரைச் சாலையில் தெற்கே போய், ஹாட்டரஸ் முனையில் காரோடு படகேறி, ஓக்ரகோக் தீவை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஒருபுறம் அட்லாண்டிக், மறுபுறம் பாம்லிகோ கழி, நடுவே ஒரு மணற்கோடு, அந்தக் கோட்டின் தென்கோடியில் ஒரு கிராமம்: அவ்வளவே ஓக்ரகோக். 1823இல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கு இன்றும் எரிகிறது. காற்றில் வளைந்து முறுகிய ஓக் மரங்களின் நிழலில் நடந்து, ஸ்பிரிங்கர் முனை என்ற கரையோரத்துக்கு மறுநாள் காலையில் வந்தோம். கரைக்கு வெகு சமீபத்தில், சற்றுக் கறுத்த நீரோட்டமாகத் தெரியும் ஆழமான பாதையை டீச்சின் பள்ளம் என்று அந்த ஊரார் சொல்லுகிறார்கள். அங்கேதான் நவம்பர் 22ஆம் தேதி விடியற்காலையில் போர் நடந்தது. டீச்சிடம் இருபது பேருக்குக் குறைவாகவே இருந்தார்கள். ஆனால் அவன் கப்பலில் பீரங்கிகள் இருந்தன. அவன் விடுத்த முதல் குண்டு வரிசையிலேயே மேனார்டின் ஆட்கள் பலர் விழுந்தார்கள். மிஞ்சியவர்களை மேனார்ட் கப்பலின் அடித்தளத்தில் ஒளித்து வைத்தார். மேல்தட்டு வெறுமையாக இருக்கக் கண்டு கொள்ளையர் தாவி ஏறியதும், மறைந்திருந்தவர்கள் வெளிப்பட்டுப் பாய்ந்தார்கள். உடம்பில் ஐந்து குண்டுக் காயங்களும் இருபது வெட்டுக் காயங்களும் பட்ட பிறகே டீச் வீழ்ந்தான். அவன் தலையை வெட்டிக் கப்பலின் முன்கொம்பில் தொங்கவிட்டுக்கொண்டு வடக்கே திரும்பினார்கள்.

அந்த நீரோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, வீரத்தைவிடவும் தலையைவிடவும் என் நினைவை ஆட்கொண்டது ஒரு கடிதம். வட கரோலினாவின் காரியதரிசியும் சுங்க அதிகாரியுமான டோபையஸ் நைட், சண்டைக்கு ஐந்து நாள் முன்பு டீச்சுக்கு எழுதிய அந்தக் கடிதம் அவனுடைய உடைமைகளோடு அகப்பட்டது. இன்னும் துறையிலேயே இருந்தால் சீக்கிரமாகப் புறப்பட்டு வரும்படியும், எழுத்தில் சொல்லத் தகாத செய்திகள் நேரில் சொல்ல இருப்பதாகவும் பொருள்பட எழுதப்பட்டது அது. அதற்கு முந்திய ஆகஸ்டில் டீச் சர்க்கரையும் கோகோவும் ஏற்றிய ஒரு பிரெஞ்சுக் கப்பலைப் பிடித்து, ஆளில்லாமல் மிதந்தது என்று சத்தியம் செய்ய, நைட் அதை அங்கீகரித்திருந்தார். கவர்னர் ஈடனுக்கு 60 பீப்பாய்ச் சர்க்கரையும் நைட்டுக்கு 20 பீப்பாயும் போய்ச் சேர்ந்தன. ஸ்பாட்ஸ்வுட் தம் கடிதங்களில் மிகுந்த திருப்தியோடு பயன்படுத்திய ஆயுதம் இதுவே. கொள்ளையன் ஒருவனோடு ஓர் அரசாங்க அதிகாரி கைகோத்திருந்ததை அதிகாரியின் கையெழுத்தாலேயே நிரூபிக்க முடிந்தது. எல்லையைக் கடந்து படை அனுப்பிய குற்றச்சாட்டுக்கு அதைவிடச் சிறந்த சமாதானம் வேறு என்ன இருக்க முடியும்?

தீவிலிருந்து இரண்டரை மணி நேரம் கழியைக் கடந்து, ஸ்வான் குவார்ட்டர் துறையில் இறங்கி, பாத் என்ற சிற்றூருக்குப் போனோம். 1705இல் நகரமாகப் பதிவு செய்யப்பட்ட பாத், வட கரோலினாவின் மூத்த நகரம். இன்று ஓடையோரத்தில் சில தெருக்களும், 1734ஆம் ஆண்டு தேவாலயமும், அமைதியுமே அங்கே உண்டு. ஈடனும் நைட்டும் இந்தப் பகுதியில்தான் வசித்தார்கள். வில்லியம்ஸ்பர்க்கில் 1719 மார்ச் மாதம் டீச்சின் ஆட்களை விசாரித்தபோது, அவர்களுள் இருந்த கறுப்பர்களுக்கு ஏதேனும் விலக்கு உண்டா என்று கவர்னர் தம் சபையைக் கேட்டார். மற்றக் கொள்ளையரைப் போலவே அவர்களும் விசாரிக்கப்பட வேண்டியவர்கள் என்று சபை விடையளித்தது. அவர்களில் நால்வர், டீச் இரவில் நைட்டின் வீட்டுக்குப் போய்ப் பரிசுகள் கொடுத்து விடியுமுன் திரும்பியதைச் சாட்சியம் சொன்னார்கள். அந்தச் சாட்சியம் மே மாதத்தில் வட கரோலினாவின் ஆலோசனைச் சபைக்கு முன் வந்தது. கறுப்பர்களின் வாக்குமூலம் வெள்ளையருக்கு எதிராகச் செல்லாது என்று நைட் வாதித்தார். சபையினர் அதை ஏற்று அவரை விடுதலை செய்தார்கள். ஓடைக்கரையில் நெடுநேரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். தூக்குமரத்தின் முன்பு அந்த நால்வரும் மனிதர்கள்; சாட்சிக் கூண்டில் அவர்கள் மனிதர்கள் அல்லர். தண்டனைக்கு ஒரு சட்டம், வார்த்தைக்கு ஒரு சட்டம் என்று வைத்துக்கொண்ட ஓர் ஆட்சி, கொள்ளையனைத் தூக்கிலிடுவதனால் மட்டும் நீதியுள்ளதாகிவிடாது.

எங்கள் பிரயாணத்தின் கடைசிக் கட்டம் வடமேற்கே, லாரன்ஸ்வில் என்ற ஊருக்கு அருகில், மெஹெரின் ஆற்றங்கரையை நோக்கி அமைந்தது. அந்தக் கரையில் 1714இல் ஸ்பாட்ஸ்வுட் கட்டிய ஐங்கோணக் கோட்டைக்குக் கிறிஸ்துவின் பெயரையும் ஆன் ராணியின் பெயரையும் இணைத்துக் கிறிஸ்டன்னா என்று பெயர். எல்லைப்புறம் அப்பொழுது நெருப்பாய் இருந்தது. 1711இல் வட கரோலினாவில் டஸ்கரோரா இனத்தாரும், 1715இல் தென் கரோலினாவில் யமாஸி இனத்தாரும், வியாபாரிகளின் வஞ்சனையையும் தம் மக்கள் அடிமைகளாகப் பிடிக்கப்படுவதையும் பொறுக்காமல் ஆயுதம் எடுத்தார்கள். யமாஸி யுத்தத்துக்கு வர்ஜீனியா நூற்றுக்குச் சற்று அதிகமான வீரர்களை அனுப்பியது. அதற்காகச் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், ஒவ்வொரு வீரனுக்கும் பதிலாக ஓர் அடிமைப் பெண்ணை வேலைக்கு வர்ஜீனியாவுக்கு அனுப்புவது என்று ஒரு நிபந்தனை இருந்தது. அப்பெண்களின் கணவன்மார் கிளர்ந்து எழுவார்கள் என்று சொல்லித் தென் கரோலினா பின்னர் அனுப்ப மறுக்கவே, ஏமாற்றப்பட்டோம் என்ற தோரணையில் ஸ்பாட்ஸ்வுட் முறையிட்டார். நட்பு நாடுகள் என்று அழைத்துக்கொண்ட இருவரின் வழக்கு அது. அந்த வழக்கில் பண்டமாக நின்ற பெண்களின் துயரம், கணவன்மாரின் கோபம் என்ற ஒரு சொல்லின் வழியாக மாத்திரமே காகிதத்தில் இடம் பெற்றிருக்கிறது.

கிறிஸ்டன்னாவின் கருத்து வேறாகவே இருந்தது; அதை நான் இகழ்ந்து சொல்ல மாட்டேன். சப்போனி, டுடேலோ, ஒக்கனீச்சி முதலிய சிறு இனங்களை அந்தக் கோட்டையைச் சுற்றிக் குடியேற்றி, அவர்களுடைய வியாபாரத்தை ஒழுங்குபடுத்தி, வஞ்சகமில்லாத விலை கொடுத்து, அவர்களைத் தெற்கெல்லைக்கு அரணாக்கிக்கொள்வது ஸ்பாட்ஸ்வுட்டின் நோக்கம். சார்லஸ் கிரிபின் என்ற ஆசிரியரைத் தம் செலவிலேயே அமர்த்தி, சுமார் 70 பூர்வகுடிக் குழந்தைகளுக்கு எழுத்தும் பிரார்த்தனையும் கற்பித்தார். குழந்தைகள் அங்கே படிக்கிற வரையில் தகப்பன்மார் யுத்தத்துக்குப் புறப்பட மாட்டார்கள் என்ற எண்ணமும் அதில் உண்டு. கல்வியும் பணயமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. 1717 ஏப்ரலில், சமாதானம் நாடித் தெற்கிலிருந்து வந்த கட்டாபா இனத்துப் பிரதிநிதிகள் தங்கள் பிள்ளைகளைப் பிணையாக ஒப்படைத்து, ஆயுதங்களையும் கோட்டையில் வைத்துவிட்டு வெளியே தங்கியிருந்தார்கள். வடக்கிலிருந்து வந்த இரோக்வா வீரர்கள் அவர்கள்மேல் விழுந்து, நிராயுதபாணிகளான சிலரைக் கொன்றார்கள். அப்பொழுது ஸ்பாட்ஸ்வுட் கோட்டையில் இருந்தார். தம்மை நம்பி ஆயுதத்தைக் கீழே வைத்தவர்கள் தம் கண்ணெதிரே மாண்டது அவரை நிலைகுலையச் செய்தது என்பதை அந்தச் சம்பவம் பற்றிய கடிதங்கள் காட்டுகின்றன. அவ்வாண்டே கம்பெனிச் சட்டம் ரத்தாயிற்று; 1718இல் கோட்டைக்குக் காவலும் நின்றது, பள்ளிக்கூடமும் நின்றது.

எல்லைக்கு ஓர் உறுதியான கோடு வேண்டும் என்ற எண்ணம் அவருடைய மனத்தில் வேரூன்றியது அதன் பிறகுதான். முன்பே 1716 ஆகஸ்டில் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு நீலமலைத் தொடரைக் கடந்து, அப்பால் ஓடிய ஆற்றுக்கு யூப்ரட்டீஸ் என்று பெயரிட்டு, அதன் கரையில் மன்னருடைய உரிமையை எழுதிய காகிதத்தை ஒரு சீசாவில் அடைத்துப் புதைத்து வந்திருந்தார். பிரெஞ்சுக்காரர் வசமிருந்த பெரிய ஏரிகளுக்கு வழி உண்டா என்று அறிவதே அந்தப் பிரயாணத்தின் தலையாய நோக்கம் என்று இரண்டு வருஷம் கழித்து எழுதினார். 1722 செப்டம்பரில் அவர் நியூயார்க் நாட்டு ஆல்பனி நகருக்குப் போய், இரோக்வா கூட்டமைப்பின் தலைவர்களோடு உடன்படிக்கை செய்தார். போட்டோமாக் ஆற்றுக்குத் தெற்கேயும் நீலமலைக்குக் கிழக்கேயும் அவர்கள் அனுமதிச் சீட்டின்றி வரக் கூடாது. வர்ஜீனியாவைச் சார்ந்த இனத்தார் அந்த எல்லைக்கோட்டைத் தாண்டி அப்பால் போகக் கூடாது. மீறியவருக்கு மரணம் அல்லது அடிமை வாழ்வு. அவர்கள் தரப்பில் ஒவ்வொரு வாக்குக்கும் சாட்சியாகச் சிப்பிமணிகளைக் கோத்த வாம்பம் கச்சை கொடுக்கப்பட்டது. அதுவே அவர்களுடைய சாசனம். முடிவில் ஸ்பாட்ஸ்வுட் தம் மார்பில் அணிந்திருந்த தங்கக் குதிரை லாடத்தைக் கழற்றி, அனுமதிச் சீட்டுக்கு அடையாளமாக அவர்களிடம் தந்தார். எழுத்து மட்டும் போதாது, கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருளும் வேண்டும் என்பதை அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் கற்றுக்கொண்டிருந்தார் என்று எண்ணுகிறேன். அவர் ஆல்பனியில் இருந்த அந்த மாதத்திலேயே, அவருக்குப் பதிலாக நியமிக்கப்பட்ட ஹியூ டிரிஸ்டேல் வர்ஜீனியா வந்து இறங்கிவிட்டார்.

கோட்டை இருந்த மேட்டில் இன்று மரங்களும் புல்லும் ஒரு நினைவுக் கல்லுமே இருக்கின்றன. கீழே மெஹெரின் ஆறு கலங்கிய செந்நிறத்தில் மெல்ல ஓடுகிறது. 1716 ஏப்ரலில் ஸ்பாட்ஸ்வுட்டுடன் இங்கே வந்த ஜான் பான்டெயின் என்ற இளைஞர், ஆற்றங்கரைச் சப்போனிக் கிராமத்தைப் பார்த்துத் தம் நாட்குறிப்பில் அவர்களுடைய பேச்சிலிருந்து சில பத்துச் சொற்களை எழுதி வைத்தார். எழுபது குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பித்த அந்த இடத்தில், அவர்களுடைய சொந்த மொழியிலிருந்து ஒரு விருந்தாளி குறித்துக்கொண்ட சொற்கள் இவை. பிற்காலத்தில் சப்போனியரிலும் டுடேலோவினரிலும் ஒரு பகுதியார் வடக்கே நடந்து, எந்த இரோக்வாக்களுக்கு அஞ்சி இந்தக் கோட்டையை அண்டினார்களோ அவர்களாலேயே 1753இல் கூட்டமைப்பில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். கனடாவில் 1870இல் ஹொரேஷியோ ஹேல் என்ற மொழியறிஞர் நிக்கோன்ஹா என்ற முதியவரைச் சந்தித்து டுடேலோ மொழியைக் கேட்டு எழுதினார். மறுவருஷம் அந்த முதியவர் காலமானார். அந்த இனத்தாரின் வழிவந்தவர்கள் இன்றும் வட கரோலினாவில் சப்போனி, ஒக்கனீச்சி என்ற பெயர்களைத் தாங்கி வாழ்கிறார்கள். ஏடுகளில் மிஞ்சிய சொற்களிலிருந்து தங்கள் மொழியைத் திரும்பக் கூட்டிச் சேர்க்கும் முயற்சிக்கு அந்தச் சிறு பட்டியலும் ஒரு செங்கல்லாகும். தாய்மொழியைப் பற்றிப் பெருமிதமாகவே பேசிப் பழகிய எனக்கு, ஒரு மொழிக்கு எத்தனை சிறிய காகிதம் கடைசி அடைக்கலமாக இருக்கக்கூடும் என்பது அந்த மேட்டில் நின்றபோது நெஞ்சில் உறைத்தது.

திரும்பும் வழியில் ஆற்றுப் பாலத்தருகே காரை நிறுத்தினோம். பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படித்த குழந்தை, "மெஹெரின் என்றால் என்ன தாத்தா?" என்று கேட்டாள். அது இந்தக் கரையில் வாழ்ந்த ஜனங்களின் பெயர் அம்மா என்றேன். போட்டோமாக், பாம்லிகோ, கிக்கோட்டன், மெஹெரின் என்று நாங்கள் வழியெல்லாம் பேசி வந்த பெயர்களை அவள் விரல் மடித்து எண்ணத் தொடங்கினாள். மலைக்கு அப்பால் மன்னரின் பெயரால் யூப்ரட்டீஸ் என்று கவர்னர் பெயரிட்ட ஆற்றைப் பற்றியும் அவளுக்குச் சொன்னேன். அந்தப் பெயரை இன்று ஒருவரும் வழங்குவதில்லை. ஷெனண்டோவா என்றுதான் அந்த ஆறு ஓடுகிறது. குழந்தை அதையும் ஒரு முறை சொல்லிப் பார்த்து, ஐந்தாவது விரலை மடித்துக்கொண்டாள்.